தலைக்கட்டு இல்லாத வீடு

அவிழ்வேனா என்றது முடிச்சு. கங்கம்மாள் நகத்தால் நெம்பினாள், பல்லால் கடித்து இழுத்தாள், ஆணியை உள்ளே விட்டுத் திருகினாள். தகரப் பெட்டியைச் சுற்றியிருந்த வலைக்கயிறு அசைந்துகூடக் கொடுக்கவில்லை. அவள் அப்பன் குப்பன் முந்தாநாள் மாலை கட்டிய முடிச்சு அது. "விரல் வையி" என்று சொல்லி, கயிறு குறுக்கே விழுந்த இடத்தில் அவளுடைய ஆள்காட்டி விரலை அமுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிறகு தாவாங்கட்டையைக் கோணிக்கொண்டு இழுத்தார். கயிறு இறுகுகிற நேரம் பார்த்து அவள் விரலை வெடுக்கென்று உருவிக்கொண்டாள். சின்ன வயதிலிருந்து வலை கட்டும்போதெல்லாம் பழகிய வேலை. "இத்த இனிமே சிங்கப்பூர்லதான் அவுக்கணும்" என்று பெட்டியைத் தட்டிச் சிரித்தார் அப்பன். இப்போது அதே பெட்டிக்குப் பக்கத்தில் கோரைப்பாயில் வாயைக் கொஞ்சம் திறந்தபடி கிடக்கிறார்.

விடிகாலையில் எழுந்து நீராகாரம் கேட்டார். அவள் சொம்போடு வருவதற்குள் போய்விட்டார். ஒரு இருமல் இல்லை, முனகல் இல்லை. பாவி மனுஷன், வெள்ளிக்கிழமை கப்பலை வைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை போயிருக்கிறார்.

கடைசியில் மீன் அரியும் கத்தியை எடுத்து வந்து கயிற்றை அறுத்தாள். பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது அப்பனின் புது வேட்டியும் சட்டையும். ஆயுசு முழுக்கச் சட்டை போடாத மனுஷன். பாஸ்போர்ட்டுக்குப் படம் பிடிக்க வேண்டும் என்று பொன்னேரி டெய்லரிடம் தைத்தது. படம் பிடித்த அன்று போட்டதோடு சரி, மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார். கப்பலில் ஏறும்போது போட்டுக்கொள்வாராம்.

சட்டையை உதறிக்கொண்டு நிமிர்ந்தவள் வாசல் வழியே ஏரியைப் பார்த்தாள். பார்த்ததும் கை அப்படியே நின்றது.

படகுகள் போய்க்கொண்டிருந்தன. ஒன்று, இரண்டு அல்ல. குப்பத்துப் படகு மொத்தமும் கழி ஊன்றி, தினம் போகிற மாதிரியே பழவேற்காட்டு ஏரிக்குள் போய்க்கொண்டிருந்தது.

குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால் படகு இறங்காது. பறை வரும், வீட்டுக்கு ஒரு ஆண் வருவான், மூங்கில் வெட்ட ஒருத்தன், மணலில் குழி தோண்ட ஒருத்தன் என்று ஊர்த்தலைவரான நாட்டார் ஆள் பிரித்துவிடுவார். அதெல்லாம் தலைக்கட்டு உள்ள வீட்டுக்கு. தலைக்கட்டு என்றால் ஊர்க்கணக்கில் அந்த வீட்டு ஆண்பிள்ளைக்கு இருக்கும் பேர். அந்தப் பேர் இருந்தால்தான் ஏரியில் பாடு கிடைக்கும். பாடு என்பது இறாலும் மீனும் ஓடிவருகிற இடம். யாருக்கு எந்த நாள், எந்தப் பாடு என்று வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கிப் பிரிப்பார்கள். பேர் உள்ளவன் செத்தால் மகன் பேரில் அது நிற்கும். மகன் இல்லையென்றால் ஊர் எடுத்துக்கொள்ளும். பெண்ணுக்குத் தலைக்கட்டு கிடையாது.

குப்பனுக்கு இருந்தது கங்கம்மாள் ஒருத்திதான். அவளைக் கட்டிய முனிகிருஷ்ணன் தாய் தகப்பன் இல்லாதவன், வேற்றூர்க்காரன். சிங்கப்பூர் துறைமுகத்துக்குப் போய், அங்கேயே குடியுரிமை வாங்கி, ஒரு வீடும் பிடித்துவிட்டான். போன வருஷம் வந்தபோது, "எல்லாரும் வாங்க. நைனாவயும் கூட்டிக்கினு வந்துடு. திரும்பி வர்ற வேலையே வேணா" என்று சொல்லிவிட்டுப் போனான். கிழவர் பிடிவாதம் பிடிப்பார் என்றுதான் கங்கம்மாள் நினைத்தாள். அவரோ அவளுக்கு முன்னால் கிளம்பி நின்றார்.

அதோடு விட்டாரா? ஆடி மாதம் சீட்டுக் குலுக்குகிற அன்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றார். வெளியூர் போகிறவன் எவனும் அப்படிச் செய்ததில்லை. பேரை வைத்துக்கொண்டு, வந்த பாட்டை ரகசியமாக யாருக்காவது விட்டுவிட்டுப் போவான். குப்பன் வெற்றிலை பாக்கை நாட்டார் முன்னால் வைத்து, "நான் செத்தா நீங்க எடுக்கப்போற பேரு. எம் பொண்ணுக்கு இல்லாத பேரு எனுக்கு எதுக்கு? நானே குடுத்துட்டுப் போறேன். கலியன் மவன் புதுசா கல்யாணம் கட்டிக்கினு பேர் இல்லாம நிக்கறான், அவனுக்குக் கட்டுங்க" என்றார். பேர் அன்றைக்கே கலியன் மகனுக்குப் போனது. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது கிழவருக்கு இருந்த பெருமை இருக்கிறதே! கங்கம்மாளுக்கே சிரிப்பு வந்தது.

அந்தப் பெருமைக்குத்தான் இன்றைக்குப் படகு இறங்கிப் போகிறது. அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

பக்கத்து வீட்டுச் செல்லியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு வந்து விழுந்தாள். எறா விற்றுப் பிழைக்கிற கைம்பெண், கங்கம்மாளைவிடப் பத்து வயது மூத்தவள். ஒரு பாட்டம் அழுது மூக்கைச் சிந்திவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"நாட்டார் படக எறக்கச் சொல்லிட்டாருடீ. தலக்கட்டு இல்லாத ஊட்டு சாவுக்கு ஊரு நிக்காதாம்."

"பாத்தேன் அக்கா. நைனாவாண்ட குந்து. கொழந்த எழுந்தா கஞ்சி குடு."

"எங்கடீ போற? தலைய விரிச்சிப் போட்டுக்கினு!"

கங்கம்மாள் எல்லையம்மன் கோயில் வேப்பமரத்தடிக்குப் போனாள். ஆண்கள் உட்கார்ந்து பேசுகிற இடம். பெண்கள் அந்தப் பக்கம் போனால் சுற்றிக்கொண்டு போவார்கள். அவள் நேரே போய் நின்றாள். நாட்டார் ராஜவேலு தனியாக உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவர் கண் சிவந்திருந்தது.

"எழவு ஊட்ட விட்டுட்டு இங்க இன்னாம்மா?"

"எழவு ஊடுன்னு தெரிஞ்சிதா மாமா? படகு போறதப் பாத்து எனுக்கே சந்தேகம் வந்துட்ச்சி."

நாட்டார் வெற்றிலையை மடித்தார். வாயில் போடவில்லை.

"நான் எட்த்த பேரா அது? அவனே வந்து குட்த்தான். ஊரே பாத்துச்சி. இன்னிக்கு அவனுக்காக நிறுத்துனா, நாளைக்கு எண்ணூருக்குப் போனவன், மெட்ராஸுக்குப் போனவன், எல்லாம் செத்தா பொணத்த இங்க கொண்டாந்து போடுவான். பாட்ட விட்டுட்டுப் போறவனுக்குக் கட்டுப்பாடு இன்னா, ஊரு இன்னா?"

"நல்ல கட்டுப்பாடு மாமா. ஏமாத்திட்டுப் போறவனுக்குப் பறை அடிக்கும். நேரா வந்து சொன்னவனுக்கு ஒரு மூங்கிலு கெடையாது."

அவர் ஏரிப்பக்கம் பார்த்தார். பிறகு அவர் பேசியது நாட்டார் பேசுகிற குரலாக இல்லை.

"மீச மொளைக்காத வயசுல இருந்து ஒரே படகுல நின்னோம். அவன் கழி ஊனுவான், நான் வல போடுவேன். போறேன்னு கூட்டத்துல வெச்சி ஊருக்கே சொல்றான். மொத நாளு என்னாண்ட வந்து, 'ராஜவேலு, நான் போறண்டா'ன்னு ஒரு வார்த்த சொன்னானா?"

அது அப்பன் செய்த பிசகுதான். சொன்னால் ராஜவேலு நிறுத்திவிடுவான் என்று பயந்துதான் அப்பன் சொல்லவில்லை என்று கங்கம்மாளுக்குத் தெரியும். அதைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் மறுபடியும் நாட்டாராகிவிட்டார்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போவல. கப்பல நிறுத்து. என் தங்கச்சி மவன் உங்கப்பனுக்குப் புள்ளையா நின்னு கொடம் ஒடைப்பான். பேர அவன் மேல கட்டறோம். எறங்குன படகெல்லாம் திரும்பும், பறை வரும், ராஜா மாரி போவான் உங்கப்பன். நீயும் கொழந்தையும் அவன் நெழல்ல இந்த ஊட்லயே இருங்க. உம் புருஷன் வர்றப்ப வரட்டும்."

ஒரு நொடி அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. பறை, பூ, கரை நிறைய ஆட்கள், வரிசையாக நிற்கிற படகுகள். அப்பனுக்கு அதெல்லாம் வேண்டாமா? அப்புறம் தன் மகள் அஞ்சலையின் தலையில் எறாக்கூடை ஏறுவது கண்ணில் வந்தது. யாரோ ஒருத்தனின் நிழலில் உட்கார்ந்து அவன் போடுகிற சோற்றைத் தின்பதும் வந்தது.

"எங்கப்பன் எனுக்கு நெழலு தேடல மாமா. வெயில்ல நடந்து போன்னுதான் சொன்னாரு."

"அப்ப யாரு தூக்குவாங்க?"

"நான் தூக்கிக்கிறேன்."

திரும்பி நடந்தாள். பின்னால் நாட்டார், "பொம்பள பொணம் தூக்குவியா? கேக்கறவன் சிரிப்பான்டீ!" என்று கத்தினார். சிரிக்கட்டும். சிங்கப்பூர் வரைக்குமா கேட்கப்போகிறது!

வீட்டில் செல்லியம்மாள் கிழவரைக் குளிப்பாட்டித் துடைத்து வேட்டி கட்டிவிட்டிருந்தாள். கங்கம்மாள் சட்டையை எடுத்தாள். விறைத்த கையை மடக்கிச் சட்டைக்குள் நுழைப்பது லேசான வேலையா?

"பொணத்துக்கு இன்னாடீ சட்ட?"

"கப்பலுக்குப் போட தெச்சது. போட்டுக்கினு போவட்டும்."

பொத்தான் போட்டு முடித்த பிறகுதான் வேப்பமரத்தடியில் நடந்ததைச் சொன்னாள். செல்லியம்மாள் கேட்டாள், கேட்டாள், கடைசியில் முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

"ஏன்டீ, தலக்கட்டு உள்ளவன்தான வரக்கூடாது? எம் புருஷன் செத்த அன்னிக்கே என் ஊட்டுப் பேர எட்த்துட்டாங்களே. எனுக்கு இன்னா கட்டுப்பாடு? அவுங்க கணக்குல நான் இருக்கறனா?"

கங்கம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷம் எறாக்கூடையோடு போய்வருகிறவளை அன்றைக்குத்தான் பார்ப்பது போல இருந்தது.

"என்னாட்டம் இன்னும் எத்தினி பேரு கீறாங்கன்னு தெரியுமா உனுக்கு? இரு வர்றேன்."

போனவள் மூன்று பேரோடு வந்தாள். மூவரும் கைம்பெண்கள், மூன்று வீட்டுக்கும் பேர் கிடையாது. பொன்னேரிச் சந்தைக்கு எறாக்கூடை சுமந்து சுமந்து கழுத்து கெட்டிப்பட்ட பெண்கள். மூங்கில் வெட்டுவானேன் என்று வாசல் பந்தலின் மூங்கில் கால்களையே பிடுங்கிப் பாடை கட்டினார்கள். ஒருத்தி பூவரசம் பூவைக் கொத்தாக ஒடித்து வந்து கிழவரின் மேல் போட்டாள். அஞ்சலை தாத்தாவின் சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுத் தண்ணீர்க்குடத்தைத் தூக்கிக்கொண்டாள்.

"நீ வேணாம்மா, சின்னக் கொழந்த" என்றாள் ஒருத்தி.

"வரட்டும் அக்கா. அவ தாத்தா" என்றாள் கங்கம்மாள்.

ஐந்து பெண்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தபோது வாசலுக்கு வாசல் தலை எட்டிப் பார்த்தது. எவளோ ஒருத்தி கதவைச் சாத்தினாள். இன்னொருத்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு விசும்பினாள், ஆனால் படி இறங்கவில்லை. கங்கம்மாள் இருவரையும் பார்த்தாள்.

குப்பத்து மயானம் ஏரிக்கு அந்தப் பக்கம், கடலுக்கும் ஏரிக்கும் நடுவே உள்ள மணல் திட்டில் இருந்தது. பிணம் எப்போதும் படகில்தான் போகும். குப்பனின் படகு இன்னும் கரையில் கட்டியிருந்தது. பழவேற்காட்டுப் பாக்கியநாதனுக்கு விற்றாகிவிட்டது, வியாழக்கிழமை வந்து ஓட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமைக்கு அது குப்பனுடையதுதான். அப்பனைப் படகில் கிடத்திவிட்டு கங்கம்மாள் கழியை எடுத்தாள். பெண்கள் ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று எறா தடவிப் பிடிப்பார்கள், கழி பிடிக்க மாட்டார்கள். ஆனால் மகன் இல்லாத குப்பன் மகளுக்குக் கழி பிடிக்கக் கற்றுக்கொடுத்திருந்தார். அது ஊருக்குத் தெரியாத சங்கதி.

படகு நேராகப் போயிற்று. ஏரிக்கு நடுவே, மயானத்துக்குப் போகிற வழியின் குறுக்கே, கலியனும் அவன் மகனும் கம்பு ஊன்றி வலை கட்டியிருந்தார்கள். குப்பன் கொடுத்த பேருக்கு விழுந்த பாடு. இன்றைக்கு அவர்கள் முறை.

"கங்கா! வல கீது! சுத்திக்கினு போ!" என்று கலியன் கையை ஆட்டினான்.

பிணப்படகு வந்தால் வலையைத் தூக்கி வழிவிடுவது வழக்கம். தலைக்கட்டு இல்லாத பிணத்துக்கு அதுவும் கிடையாது போலிருக்கிறது. கங்கம்மாள் கழியை ஊன்றினாள். திருப்பவில்லை.

"எங்கப்பன் குட்த்த பாடுதான இது? அதும் மேலதான் போவாரு."

"கங்கா, எறா எறங்குற நேரம்மா..."

அவள் இன்னொரு தரம் ஊன்றினாள். படகின் மூக்கு வலைக்கு இரு கை விரித்த தூரத்தில் வந்துவிட்டது. கலியன் வாயைத் திறந்தபடி நின்றான். அவன் மகன்தான் தண்ணீரில் குதித்து நடுக்கம்பைப் பிடுங்கினான். வலை சரிந்தது. அதுவரை சேர்ந்த இறால் எல்லாம் வெள்ளையாகத் துள்ளி ஏரியோடு போயிற்று. அந்தப் பிள்ளை படகுக்குள் சட்டை போட்டுக் கிடந்த கிழவரைப் பார்த்தான். தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு படகின் பின்பக்கத்தைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தான்.

"டேய், நாட்டார் கேட்டா?" என்றான் கலியன்.

"கேக்கட்டும் நைனா. எம் பேரு யாரு குட்த்தது?"

கொஞ்ச தூரம் போன பிறகு கலியனும் வந்து மறுபக்கம் பிடித்துக்கொண்டான். தூரத்துப் படகுகளில் சிலர் தலைத்துண்டை அவிழ்த்தார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தன் மட்டும் ஒன்றுமே நடக்காதது போல வலை இழுத்துக்கொண்டிருந்தான். திட்டில் கலியனின் மகன் குழி தோண்டினான், பெண்கள் கையால் மணலை வாரினார்கள். கங்கம்மாள் குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றி வந்து உடைத்தாள். மகன் உடைக்கிற குடம்தான், மகள் போட்டாலும் உடைந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "நைனா, நைனா" என்று கடலுக்குக் கேட்கிற மாதிரி அழுதாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு நாட்டார் வந்தார். தனியாக வந்தார். வாசலிலேயே நின்றார். கங்கம்மாள் திறந்து கிடந்த பெட்டியை வாசலுக்கு இழுத்துப் போட்டுத் துணிகளை மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஊரு பேசிட்ச்சி. உங்கப்பன் பேரு மறுபடி நிக்கட்டும். அவன் பேர்லயே. எவனும் வந்து குந்த வேணா. பதினாற ஊரே நடத்தும். நீ அடுத்த கப்பலுக்குப் போ."

கங்கம்மாள் ஒரு பாவாடையை மடித்து வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"அந்தப் பேர திருப்பிக் குட்த்தா கலியன் மவன் இன்னா ஆவான் மாமா?"

நாட்டார் வாசற்படியைப் பார்த்தார்.

"அவரு குட்த்தது குட்த்தது. எங்கப்பன் பேரு இங்க கட்டி வெக்கறதுக்கு இல்ல. எங்களோட வருது. பதினாறு நாங்க சிங்கப்பூர்ல பண்ணிக்கிறோம், அங்கயும் கடல் கீது." பெட்டியை மூடினாள். பிறகு தலையைத் தூக்காமல் சொன்னாள். "உங்களாண்ட சொன்னா நீங்க நிறுத்திடுவீங்க, நாமளும் நின்னுடுவோம்னு பயந்துக்கினாரு. அதான் சொல்லல."

அஞ்சலை விளக்கைக் கொண்டுவந்து பெட்டி மேல் வைத்தாள். வெளிச்சத்தில் அறுந்த கயிறு நாட்டாரின் கண்ணில் பட்டது.

"இத்த யாரு அறுத்தது?"

"நான்தான். அவுக்க வரல."

"வராது. அவன் முடிச்சு வராது."

குந்தி உட்கார்ந்தார். விளக்கைக் கீழே இறக்கி வைத்தார். அறுந்த இரண்டு முனையையும் சேர்த்துப் பிணைத்து, கயிற்றைப் பெட்டிக்கு அடியில் கொடுத்து வாங்கி, மேலே கொண்டுவந்து குறுக்கே போட்டார். அப்பன் கட்டுகிற அதே கட்டு.

"விரல் வையி" என்றார்.

கங்கம்மாள் ஆள்காட்டி விரலை வைத்து அமுக்கினாள். அவர் தாவாங்கட்டையைக் கோணிக்கொண்டு இழுத்தார். முடிச்சு இறுகியது. அவள் உடனே விரலை எடுக்கவில்லை. கயிறு சதையில் நன்றாகப் பதிந்த பிறகுதான் மெல்ல உருவிக்கொண்டாள்.